பெட்டியில் தொங்கிய மூன்று எழுத்து

விமான நிலையங்களுக்கு மூன்றெழுத்துக் குறி உண்டு என்பது இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். எண்பதுகளின் தொடக்கத்தில் திருத்தணியில் அது எனக்கு மட்டுமே தெரிந்த சங்கதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பில் ஒரு கல்யாணத்தை நிறுத்தினேன். நான் சொன்னது தவறு என்று தெரிந்த பிறகும் சில மாதங்கள் வாயைத் திறக்கவில்லை. இரண்டில் எது பெரிய குற்றம் என்று கேட்டால், இரண்டாவதுதான்.

அப்போது எனக்கு வயது நாற்பத்திரண்டு. மெட்ராஸில், கடற்கரை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு ஏஜெண்டு ஆபீசில் வேலை. துணிக்காரர்கள், தோல்காரர்கள் வெளிநாட்டுக்கு அனுப்பும் பெட்டிகளுக்குக் காகிதம் எழுதி, சுங்கத்தில் காட்டி, மீனம்பாக்கத்தில் விமானத்தில் ஏற்றிவிடுவது எங்கள் தொழில். காலையில் திருத்தணியில் வண்டி ஏறினால், அரக்கோணத்தில் மாறி, ஒன்பதரைக்குள் ஆபீஸ். இரவு எட்டு மணிக்கு வீடு. இருபது வருஷம் அப்படித்தான் போனது.

ஆபீசில் ஒரு தடிமனான புத்தகம் இருந்தது. உலகத்தில் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு விமானம் என்று பொடி எழுத்தில் அச்சிட்டது. புதியது வந்ததும் பழையதை நான் வீட்டுக்கு எடுத்துவந்துவிடுவேன். வண்டியில் அதைப் படிப்பேன். மற்றவர்கள் சீட்டாடுவார்கள், நான் குறிகளை மனப்பாடம் செய்வேன்.

அதில் ஒரு ருசி இருந்தது. ரயிலில் குறி என்பது நமக்குப் பழகியதுதான். திருத்தணிக்கு டி.ஆர்.டி., அரக்கோணத்துக்கு ஏ.ஜே.ஜே. ஆனால் விமானத்தில் உலகம் முழுவதற்கும் ஒரே பட்டியல். ஒரு குறி ஒரு இடத்துக்குத்தான். விமானக் கம்பெனிகள் சேர்ந்து வைத்திருக்கும் சங்கம் ஒன்று அதைக் கொடுக்கிறது. முந்திக் கேட்டவனுக்கு நல்ல எழுத்து, பிந்தி வந்தவனுக்கு மிச்சம். மெட்ராஸுக்கு எம்.ஏ.டி. கிடைக்கவில்லை, அது ஸ்பெயினில் மாட்ரிட்டிடம் இருக்கிறது. ஆகவே நமக்கு எம்.ஏ.ஏ. துபாய்க்கு டி.யு.பி. கிடைக்கவில்லை, அதை அயர்லாந்தின் டப்ளின் வைத்திருக்கிறது. நடுவில் ஒரு எக்ஸ் போட்டு டி.எக்ஸ்.பி. என்று கொடுத்தார்கள். அமெரிக்காவில் முதலில் வானிலை நிலையங்களின் இரண்டெழுத்துக் குறியையே விமானக்காரர்களும் பயன்படுத்தினார்களாம். ஊர்கள் பெருகி மூன்றெழுத்து தேவைப்பட்டபோது லாஸ் ஏஞ்சல்ஸ் தன் எல்.ஏ.வுக்குப் பின்னால் ஒரு எக்ஸை ஒட்டிக்கொண்டது. அந்த எக்ஸுக்கு ஒரு பொருளும் கிடையாது. சிகாகோவின் ஓ.ஆர்.டி.யில் சிகாகோவே இல்லை. அந்த இடத்துக்கு முன்பிருந்த பழத்தோட்டப் பெயர் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வண்டியில் இது ஒரு விளையாட்டாகிவிட்டது. யாராவது ஒரு ஊர் சொல்வார்கள், நான் குறி சொல்வேன். தெரியாவிட்டால் நான் அரக்கோணத்தில் எல்லோருக்கும் டீ வாங்கித் தரவேண்டும். வாங்கித் தந்த நினைவு இல்லை. என்னை ஏரோப்ளேன் சார் என்றார்கள். வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பியவர்கள் டிக்கெட்டைக் கொண்டுவந்து, இது எங்கே இறங்குகிறது, எங்கே மாறுகிறது என்று என்னிடம் கேட்டுக்கொண்டு போவார்கள். அதுவரை நான் விமானத்தில் ஏறியதில்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை, நானாகச் சொல்லவும் இல்லை.

என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஆறு விசைத்தறி போட்டிருந்த ஒருவர் இருந்தார். என்னை அண்ணா என்பார். அவருடைய மூத்த மகளுக்கு ஆர்.கே.பேட்டைக்கு அருகில் ஒரு கிராமத்திலிருந்து வரன் வந்தது. கைத்தறிக் குடும்பம். பையன் மட்டும் தறியில் உட்காராமல் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை கற்றுக்கொண்டு துபாய் போயிருந்தான். இரண்டு வருஷம் முடித்து லீவில் வந்திருந்தான். பெண்ணைப் பார்த்தாயிற்று. அவனுக்குப் பிடித்தது, பெண்ணுக்கும் பிடித்தது. இனிப் பெண் வீட்டு ஆண்கள் போய்ப் பையன் வீட்டைப் பார்க்கவேண்டும். அங்கே சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று பொருள். பிறகு பேச்சை மாற்ற முடியாது.

ஆனால் அவருக்கு ஒரு பயம் இருந்தது. அதற்கு முந்தைய வருஷம் அடுத்த தெருவில் குவைத் மாப்பிள்ளை என்று பெண் கொடுத்தார்கள். அவன் குவைத்துக்கே போகவில்லை. ஏஜெண்டு ஏமாற்றிப் பம்பாயில் விட்டுவிட்டுப் போக, ஊருக்குத் திரும்ப வெட்கப்பட்டு, பக்கத்துப் பிவாண்டியில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறான். கடிதத்தைக் குவைத்தில் இருந்த சிநேகிதனுக்கு அனுப்பி அங்கிருந்து தபாலில் போடவைத்திருக்கிறான். கல்யாணத்துக்குப் பிறகுதான் எல்லாம் தெரிந்தது. அதிலிருந்து எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுத் தபால்தலையை யாரும் நம்புவதில்லை.

"நாங்க போயி என்னாத்த அண்ணா பாக்கறது? சென்ட் பாட்டில காட்டுவான், டேப் ரெக்கார்டர காட்டுவான். நீங்க வந்து பாத்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும்" என்றார்.

போனேன். வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஆறு பேர் டவுன் பஸ்ஸில் போனோம். பெண்ணின் அப்பா, அவருடைய மைத்துனர், உறவுக்காரர்கள் மூன்று பேர், நான். சின்ன வீடு. முன்பக்கத்தில் தறி, அதைத் தாண்டிப் பாய் விரித்திருந்தார்கள். உள்ளே வடை வேகிற வாசனை. எங்களுக்கு நேர் எதிரே ஒரு ஸ்டூலின் மேல் பையன் கொண்டுவந்த பெரிய நீலப் பெட்டி. அதன் பிடியில் விமானக் கம்பெனிக்காரர்கள் கட்டிய டேக் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் வெளிநாட்டுப் பெட்டியின் டேக்கை யாரும் பிய்க்கமாட்டார்கள். பெட்டியைவிட அதற்குத்தான் மதிப்பு.

பேச்சு தறியைப் பற்றியும் நூல் விலையைப் பற்றியும் போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் அவ்வப்போது என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து போய் டேக்கைத் திருப்பிப் பார்த்தேன். பெரிய எழுத்தில் எம்.ஏ.ஏ. கீழே உள்நாட்டு விமானக் கம்பெனியின் எழுத்தும், பேனாவில் எழுதிய எண்ணும். அந்த எண்ணை நான் அறிவேன். பம்பாயிலிருந்து மெட்ராஸ் வருகிற விமானம்.

பையனிடம் துபாயிலிருந்து எப்படி வந்தான் என்று கேட்டேன். பம்பாய் வந்து அங்கே மாறி வந்ததாகவும், மெட்ராஸ் வரைக்கும் ஒரே டிக்கெட்தான் என்றும் சொன்னான். எழுந்து நின்றுதான் பதில் சொன்னான்.

"ஒரே டிக்கெட்டுன்னா துபாய்லயே மெட்ராஸ் வரைக்கும் டேக் போட்டிருப்பானே தம்பி. இது பம்பாய்ல போட்டதாச்சே" என்றேன்.

"பம்பாய்ல பொட்டிய வாங்கி கஸ்டம்ஸ்ல காட்டணும் சார். அப்பறம் பழச எடுத்துட்டு வேற கட்னாங்க."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத் திரும்ப வாங்கமுடிந்தால் எதை வேண்டுமானாலும் கொடுப்பேன். எனக்குத் தெரிந்தது சரக்கு. துபாயிலிருந்து மெட்ராஸுக்குச் சரக்குப் பெட்டி வந்தால் அதில் புறப்பட்ட ஊர், சேரும் ஊர் இரண்டும் எழுதியிருக்கும். பம்பாயில் வேறு விமானத்துக்கு மாற்றுவார்கள். முத்திரையை உடைக்கமாட்டார்கள், லேபிளைத் தொடமாட்டார்கள். மெட்ராஸில்தான் சுங்கம். ஆயிரக்கணக்கான பெட்டிகளில் பார்த்திருக்கிறேன். ஆளோடு வருகிற பெட்டிக்கும் அதே விதிதான் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். அது எனக்குத் தெரியாத விஷயம் என்பதே எனக்குத் தெரியவில்லை.

"இது நான் தினமும் பாக்கிற வேலை தம்பி. நடுவுல யாரும் டேக்க மாத்த மாட்டாங்க" என்றேன்.

அவன் பக்கத்தில் நின்றிருந்த தன் அண்ணனைப் பார்த்தான். பெண்ணின் மாமன், அதாவது அந்த மைத்துனர், பாஸ்போர்ட்டைக் காட்டச் சொன்னார். பாஸ்போர்ட் பம்பாயில் ஏஜெண்டிடம் இருக்கிறது, புது விசாவுக்குக் கொடுத்திருக்கிறேன் என்றான்.

"டேக்கும் பம்பாயி, பாஸ்போர்ட்டும் பம்பாயி. நீ மட்டும் துபாயா?" என்றார் மாமன். பிறகு பெண்ணின் அப்பாவைப் பார்த்து, "எழுந்திரு பாவா, பஸ்சு போயிடப்போவுது" என்றார்.

பையனின் அம்மா தட்டுகளோடு உள்வாசலில் வந்து நின்றிருந்தாள். கேசரியும் வடையும். ஒரு வாய் தண்ணீராவது குடித்துவிட்டுப் போங்கள் என்றாள். அவளுக்கு டேக் பற்றி ஒன்றும் புரியவில்லை. நாங்கள் கை நனைக்கவில்லை என்பது மட்டும் புரிந்தது. திரும்புகிற பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் இடம் விட்டார்கள்.

பேச்சு வண்டி வேகத்தில் பரவியது. ஒரே மாதத்தில் அவனுக்குப் பிவாண்டி ஷேக் என்று பெயர் விழுந்துவிட்டது. விசா வருவதும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. லீவுக்கு வந்தவன் ஆடியிலும் ஊரில், ஆவணியிலும் ஊரில். சந்தேகம் இருந்த ஒன்றிரண்டு பேருக்கும் அது தீர்ந்துவிட்டது.

பெண் ஒருநாள் என்னிடம் வந்தாள். என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுகிற பெண். எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள், அதிகம் பேசமாட்டாள். பத்திரிகை இரவல் வாங்குகிற சாக்கில் வந்து, வாங்கிய பிறகும் நின்றாள்.

"பெரியப்பா, அந்த டேக்கு விஷயம் உங்களுக்கு நல்லாத் தெரியுமா?"

நன்றாகத் தெரியும் என்றேன்.

"அவரு சொன்ன மாதிரி நடக்கவே நடக்காதா?"

நடக்கவே நடக்காது என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அந்த வீட்டில் எல்லோரும் என் முடிவை வாங்கிக்கொண்டார்கள். காரணத்தை மறுபடி கேட்டவள் அவள் ஒருத்திதான். அவளுக்கு நான் யோசித்துக்கூடப் பதில் சொல்லவில்லை.

புரட்டாசியில் ஆபீசில் என்னைப் பம்பாய்க்கு அனுப்பினார்கள். ஒரு சரக்கு அங்கே சிக்கியிருந்தது. ரயிலில் போனேன். வேலை முடிந்ததும், காகிதங்கள் மறுநாளே வேண்டும், விமானத்தில் வா என்று முதலாளி டெலிபோனில் சொன்னார். என் வாழ்க்கையில் முதல் விமானம். மூன்று மணி நேரம் முன்னதாகவே போய் மெட்ராஸ் விமானத்துக்கான வரிசையில் நின்றேன்.

எனக்கு முன்னால் வேலூர்ப் பக்கத்து ஆள் ஒருவர். இரண்டு பெரிய பெட்டிகள், ஒவ்வொன்றிலும் சுண்ணாம்புக் கட்டியால் கிறுக்கல். அன்று விடியற்காலைதான் துபாயிலிருந்து வந்திருந்தார். அவர் பெட்டியின் டேக்கைப் பார்த்தேன். அதில் பி.ஓ.எம். என்று இருந்தது. பம்பாய். மெட்ராஸ் இல்லை.

கவுண்டரில் இருந்த பெண் கத்தரியால் அந்த டேக்கை வெட்டிக் கீழே இருந்த கூடையில் போட்டாள். புது டேக் கட்டினாள். எம்.ஏ.ஏ. கூடை நிறைய வெட்டிப்போட்ட டேக்குகள்.

அவரிடம் டிக்கெட் எதுவரை என்று கேட்டேன். மெட்ராஸ் வரை ஒரே டிக்கெட் என்றார். பிறகு ஏன் டேக்கை மாற்றினார்கள் என்று கேட்டேன்.

"கஸ்டம்ஸு இங்கதான சார். பொட்டிய வாங்கி, தொறந்து காட்டி, மறுபடி போடணும். எல்லாருக்கும் அப்படித்தான். மொத தடவையா?" என்றார்.

ஆமாம், முதல் தடவை என்றேன்.

அடுத்து என் முறை. என் துணிப்பைக்கும் அதே டேக்கைக் கட்டினாள். அதே எழுத்து, அதே விமான எண். அவர் இரண்டு வருஷம் பாலைவனத்தில் உழைத்துவிட்டு வருகிறார், நான் நான்கு நாள் பம்பாயில் லாட்ஜில் தங்கிவிட்டு வருகிறேன். இரண்டு டேக்கையும் பக்கத்தில் வைத்தால் ஒரு வித்தியாசமும் சொல்லமுடியாது. அந்தக் குறி போகிற ஊரை மட்டும்தான் சொல்லும். எங்கிருந்து வந்தாய் என்று அது யாரிடமும் சொன்னதில்லை. இருபது வருஷம் குறிகளைப் படித்தவனுக்கு இது தெரிந்திருக்கவேண்டும்.

முதல் விமானப் பயணம் எப்படி இருந்தது என்று வண்டியில் எல்லோரும் கேட்டார்கள். எனக்கு ஒன்றும் நினைவில்லை. ஏதோ சொல்லிவைத்தேன்.

ஊர் திரும்பிய அன்றே பெண் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கலாம். பெண்ணுக்கு அப்போது வேறு இடம் அமைந்திருக்கவில்லை. ஐப்பசி போயிற்று, கார்த்திகையும் முடியப்போனது. நாளைக்கு, வெள்ளிக்கிழமைக்கு, கிருத்திகை கழியட்டும் என்று தள்ளினேன். பயம் வேறொன்றும் இல்லை. எனக்குத் தெரியாது என்று ஊரில் ஒருமுறைகூட நான் சொன்னதில்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. மார்கழி பிறப்பதற்கு முன் நகரியில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் பெண்ணுக்கு நிச்சயம் ஆனது. தட்டு மாற்றிய செய்தியை என் மனைவி வந்து சொன்னபோது என் மனதில் முதலில் வந்தது நிம்மதி. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் அதுதான் உண்மை. இனி உண்மையைச் சொன்னாலும் எதுவும் மாறாது என்று ஆன பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆர்.கே.பேட்டைக்குப் போனேன். பொங்கலுக்கு வீடுகளுக்குச் சுண்ணாம்பும் பெயிண்டும் அடிக்கிற சமயம். அவன் ஒரு மாடி வீட்டு முன்சுவரில் ஏணி போட்டு வேலை செய்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்தும் இறங்கவில்லை. நான் கீழே நின்று, அண்ணாந்து பார்த்துக்கொண்டே, பம்பாயில் பார்த்ததை எல்லாம் சொன்னேன். அவன் பிரஷ்ஷை நிறுத்தவில்லை. நான் தப்பு செய்துவிட்டேன், மன்னிக்கவேண்டும் என்று சொன்ன பிறகு இறங்கி வந்தான்.

"இத எனக்கு எதுக்கு சார் சொல்றீங்க? நான் துபாய்ல இருந்தது எனக்குத் தெரியாதா?"

அதில் கோபம் இல்லை. நிஜமாகவே கேட்டான்.

"அவங்க வூட்டாண்ட சொன்னீங்களா?"

இல்லை என்றேன். பெண்ணுக்கு நிச்சயமாகிவிட்டது என்றும் சொன்னேன். அவனுக்குத் தெரியாது போலிருக்கிறது. கையில் இருந்த பெயிண்டைத் துணியில் வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அப்ப இப்ப போயி சொல்லாதீங்க சார். கலியாணம் நல்லபடியா ஆவட்டும். அந்தப் பொண்ணு மனசுல எதுக்கு அத போடணும்? ஆனதுக்கப்பறம் சொல்லுங்க. என்கிட்ட தனியா வந்து சொல்ற மாதிரி சொல்லாதீங்க. அன்னிக்கு அத்தினி பேரு எதிர்ல சொன்னீங்க இல்ல, அப்படி சொல்லுங்க. எங்கம்மா சந்தைக்குப் போறதையே உட்டுடுச்சி."

அவனுக்கு அப்போது இருபத்தேழு வயதுதான் இருக்கும். என்னைத் திட்டியிருந்தால் இலேசாக இருந்திருக்கும்.

தையில் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது. மாசியில் விசா வந்து, பெயிண்ட் அடிக்கிற பையன் துபாய் போய்விட்டான். பங்குனியில் ஒருநாள் சாயங்காலம் ஸ்டேஷன் அருகே டீக்கடையில் பெண்ணின் அப்பா, மாமன், வண்டி சிநேகிதர்கள் எல்லோரும் இருந்தார்கள். பிவாண்டி ஷேக் மறுபடி கிளம்பிவிட்டான், இந்த முறை எந்தத் தறியோ என்று யாரோ சொன்னார்கள். சிரித்தார்கள். நான் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். அவன் துபாயில் இருந்தது நிஜம், நான் தெரியாமல் பேசிவிட்டேன் என்றேன். சரக்குக்கு ஒரு விதி, பயணிக்கு ஒரு விதி என்று விளக்கினேன். சுங்கம், கத்தரி, கூடை எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்கள்.

பெண்ணின் அப்பா கண்ணாடி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "உடுங்க அண்ணா. அந்தப் பையன பாத்து உங்களுக்கு மனசு கேக்கல. பெரிய மனசு உங்களுக்கு" என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். பாவம் பார்த்துப் பேசுகிறேன் என்று முடிவு செய்துவிட்டார்கள். இல்லை, இல்லை, இதுதான் உண்மை என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

மாமன் கடைசியாகச் சொன்னார். "அன்னிக்கு அரை நிமிஷத்துல சொன்னீங்க. இன்னிக்கு முக்கா மணி நேரமா சொல்லிகினு இருக்கீங்க. எது நெஜம்னு எங்களுக்குத் தெரியாதா சார்?"

எல்லோரும் சிரித்தார்கள். அன்பாகத்தான் சிரித்தார்கள். எனக்கு டீக்குக் காசு கொடுக்கவும் விடவில்லை.

அதற்குப் பிறகும் சந்தர்ப்பம் வந்தபோதெல்லாம் சொல்லிப் பார்த்தேன். என் மதிப்பு கூடியதே தவிர, அவன் பெயர் மாறவில்லை. அவனுடைய அம்மாவிடம் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டு, வெயிலில் வந்திருக்கிறீர்கள், உட்காருங்கள் என்றாள். அவன் சித்தூர்ப் பக்கம் பெண் எடுத்து, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்துபோய்க்கொண்டிருந்தான் என்று பின்னால் கேள்விப்பட்டேன். பெண்ணை ஒருமுறை ஆடிக் கிருத்திகையில் மலைப்படியில் பார்த்தேன். குழந்தைகளோடு இருந்தாள். நன்றாக இருக்கிறீர்களா பெரியப்பா என்றாள். நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அவளிடம் மட்டும் இன்றுவரை சொல்லவில்லை.

அந்தத் தறி வீட்டில் உட்கார்ந்திருந்த ஆறு பேரில் இப்போது நான் ஒருவன்தான் மிச்சம். ஆகையால் இதைப் படிக்கிறவர்கள் முன்னால் சொல்கிறேன், சுருக்கமாகவே சொல்கிறேன். அவர் அந்த இரண்டு வருஷமும் துபாயில்தான் இருந்தார். அன்று அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. நான் தெரியாததைத் தெரியும் என்றேன்.